பிரேக் மிதித்தால் வண்டி உதறுகிறதா?

நம் வல்லத்தில் பலரும் பழைய கார் வாங்கித்தான் ஓட்டுகிறோம். திண்டிவனம் சாலையில் ஆடு குறுக்கே வர, பிரேக்கை ஓங்கி மிதித்தால் வண்டி உதறுகிறது, பயந்துவிடுகிறோம்.

அவசரமாக மிதித்தபோது மட்டும் பெடல் 'டகடக'வெனத் துடித்தால் அது ஏபிஎஸ். சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி நொடிக்குப் பலமுறை பிரேக்கை விட்டுப் பிடிக்கிறது. 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களில் கட்டாயம். காலை எடுத்துவிடக் கூடாது. மிதித்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்பலாம்.

மிதமாக மிதித்தாலே ஸ்டியரிங் ஆடுகிறதா? முன் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். தடிமன் சீராக இல்லாவிட்டால் இப்படித்தான் ஆடும். வீல் நட்டுகளை ஏர் கன்னால் ஏறுமாறாக முறுக்கினாலும் டிஸ்க் கோணும். இதை யாரும் கவனிப்பதே இல்லை! குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே தேய்ந்திருந்தால் கடைசல் பிடிக்க விடாதீர்கள். இரு பக்கமும் சேர்த்தே மாற்றுவோம். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் காலிப்பர் பின் இறுகியிருக்கலாம். நிற்கப்போகும் வேகத்தில் பெடல் துடித்தால் சக்கர சென்சாரில் அழுக்கு இருக்கலாம்.

பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டி இது. பேடு மட்டும் மாற்றித் தரும் மெக்கானிக்கிடம், "டிஸ்க்கை அளந்தீங்களா பாய்?" என்று கேட்போம்.