காலனிக்கும் காலனிக்கும்

(பழைய மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஐந்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார்கள். அதனால் ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கிவிடுகிறேன். 'இன்டர்கலோனியல்'. நம்ம செட் ஆட்களுக்கு இப்பவே சிரிப்பு வந்திருக்கும்.

இரண்டாம் வருஷம், கனடா பாடம். சார் கரும்பலகையில் 'இன்டர்கலோனியல் ரயில்வே' என்று எழுதி அர்த்தம் கேட்டார். நான் எழுந்து, "எங்க காலனிக்கும் அடுத்த ஊர் காலனிக்கும் உள்ள உறவு சார்" என்றேன். வகுப்பே சிரித்தது. டவுன் பையன்களுக்குக் காலனி என்றால் பேங்க் ஊழியர்கள் வீடு கட்டிக் குடியிருக்கும் இடம். எனக்கோ, ஊருக்கு வெளியே, வாய்க்கால் தாண்டி, எங்கள் சனம் மட்டும் இருக்கிற இடம். கால் நடுங்கிவிட்டது.

சார் மட்டும் சிரிக்கவில்லை. "அவன் சரியாத்தான்யா சொல்றான். பொண்ணு கொடுக்கிறது, எடுக்கிறதெல்லாம் காலனிக்கும் காலனிக்கும்தானே? ஊரோட உள்ள உறவு வேற கதை" என்றார்.

விஷயம் அவ்வளவுதான். இந்தச் சொல்லுக்குள் ஆளுகிற நாடு வராது. லண்டனுக்கும் நோவா ஸ்கோஷியாவுக்கும் இருந்தது வேறு உறவு. நோவா ஸ்கோஷியாவுக்கும் பக்கத்து நியூ பிரன்ஸ்விக்குக்கும் இருந்ததுதான் இன்டர்கலோனியல். 1867-ல் அவை கனடாவோடு சேர்ந்தபோது, ஆறு மாதத்துக்குள் இந்த ரயில் பாதை வேலையைத் தொடங்க வேண்டும் என்று இணைப்புச் சட்டத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டார்கள். அமெரிக்க எல்லைக்குப் பயந்து, குறுக்கு வழியை விட்டு, கடலோரமாகச் சுற்றிப் போட்டார்கள். தலைமைப் பொறியாளர் சாண்ட்ஃபோர்ட் ஃப்ளெமிங் மரப்பாலம் போதும் என்றவர்களோடு மல்லுக்கட்டி இரும்பில் கட்டினார். 1876-ல் பாதை முடிந்தபோது காலனிகள் மாகாணங்களாகி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. பெயர் மட்டும் காலனியை விடவில்லை.

ஆஸ்திரேலியாவில் கதை தலைகீழ். அங்கே காலனிகள் தங்களுக்குள் கிரிக்கெட் ஆடின, அதுவும் இன்டர்கலோனியல்தான். ஆனால் முர்ரே ஆற்றங்கரையில் ஒருவர் சரக்குக்கு ஒருவர் சுங்கம் வாங்கினார்கள். விக்டோரியா தண்டவாளத்தின் அகலம் 5 அடி 3 அங்குலம், நியூ சவுத் வேல்ஸில் 4 அடி 8½ அங்குலம். எல்லையில் ஆல்பரியில் மூட்டை முடிச்சோடு இறங்கி ரயில் மாற வேண்டும். இத்தனைக்கும் எல்லோரும் ஒரே ராணியின் குடிமக்கள்! 1901 ஜனவரி 1-ல் காலனிகள் மாநிலங்களாயின. 'இன்டர்ஸ்டேட்' என்ற சொல் வந்துவிட்டது. சிட்னியிலிருந்து மெல்போர்னுக்கு ஒரே அகலத் தண்டவாளம் வர 1962 ஆயிற்று.

2025 ஏப்ரலில் நம் முதலமைச்சர் சட்டமன்றத்தில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தார். டி.வி.யில் கேட்டதும் எனக்கு சார் ஞாபகம்தான் வந்தது. அவர் இப்போது இல்லை.

இந்த மலரின் முகவரிப் பட்டியலிலும் என் பெயருக்குக் கீழே அந்தச் சொல் இருந்தது. எடுத்துவிட்டுத் தெருப் பெயரைப் போடுங்கள் என்று செயலாளரிடம் சொன்னேன். "தெருவுக்கு என்னங்க பேரு?" என்று கேட்டார். இன்னும் வைக்கவில்லை. வாய்க்கால் கரை என்று போடச் சொல்லியிருக்கிறேன்.