மேற்கிலிருந்து வந்தவர்களும் கிழக்கிலிருந்து வந்தவர்களும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியத்தைப் பற்றியோ சமயத்தைப் பற்றியோ பேசுவது வழக்கம். அவற்றைப் பேசத் தகுந்த பெரியோர்கள் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். ரெயில்வே அலுவலகத்தில் பேரேடுகளோடு காலம் கழிக்கும் நான், கணக்குப் பார்த்துத் தெளிய வேண்டிய ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன்.

நம் காலனியில் நமக்கு ஒரு புறம் பஞ்சாபிக் குடும்பங்கள் இருக்கின்றன. மறு புறம் வங்காளிக் குடும்பங்கள் இருக்கின்றன. இவர்களில் பலர், 1947-ஆம் ஆண்டுப் பிரிவினையால் வீடிழந்து வந்தவர்களின் மக்களும் பேரர்களும் ஆவர். இவர்களைப் பற்றி நம்மவர்களிடையே ஒரு பேச்சு வழங்கி வருகிறது. "பஞ்சாபி வெறுங்கையோடு வந்தான், பத்தே வருஷத்தில் கடையும் வீடும் கண்டான். வங்காளியும் அகதியாகத்தான் வந்தான். ஆனால் முகாமிலேயே கிடந்தான், கொடி பிடித்துக் கோஷம் போட்டான். எல்லாம் அவரவர் குணம்" என்பதே அப்பேச்சு. கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும் இவ்வார்த்தை, கணக்கில் நிற்குமா என்பதே இன்று நாம் ஆராய வேண்டியது.

முதலில் தொகையைப் பார்ப்போம். 1951-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, பிரிவினையால் இடம் பெயர்ந்து இந்தியாவில் இருந்தோர் ஏறத்தாழ 72 இலட்சம் பேர். அவர்களுள் சுமார் 47 இலட்சம் பேர் மேற்குப் பாகிஸ்தானிலிருந்து வந்தவர்கள். சுமார் 25 இலட்சம் பேர் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்தவர்கள். தொகையில் வேற்றுமை இருப்பினும், இரு சாராருக்கும் நேர்ந்த துன்பம் ஒன்றே. ஆனால் அவர்கள் வந்த விதம் ஒன்றன்று.

மேற்கிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே அலையாக வந்தார்கள். 1947 ஆகஸ்டு 27-ஆம் தேதி முதல் நவம்பர் 6-ஆம் தேதி வரையில் 673 அகதி ரெயில்கள் ஓடின. சுமார் 28 இலட்சம் மக்கள் அவற்றில் சென்றனர். ரெயில்வேத் துறையில் உழைக்கும் நமக்கு அந்த எண்ணின் கனம் விளங்கும். எத்தனையோ வண்டிகள் உயிருள்ளவர் குறைவாகவும் பிணங்கள் மிகுதியாகவும் வந்து நின்றன. பஞ்சாபில் இரு புறமும் நடந்த கொலைகளின் விளைவாக, கிழக்குப் பஞ்சாபில் வாழ்ந்த முஸ்லிம்கள் ஏறக்குறைய அனைவரும் அப்பால் சென்றுவிட்டனர். மேற்குப் பஞ்சாபில் வாழ்ந்த இந்துக்களும் சீக்கியர்களும் இப்பால் வந்துவிட்டனர். ஆதலால் வந்தவர்களுக்குக் கொடுப்பதற்கு, சென்றவர்கள் விட்டுப்போன நிலமும் வீடும் கடையும் இருந்தன. ஒரு குடும்பம் கண்ணீரோடு பூட்டிச் சென்ற கதவைத்தான் மற்றொரு குடும்பம் கண்ணீரோடு திறந்தது. இதை மறந்துவிட்டு அதனை ஓர் அதிர்ஷ்டம் என்று சொல்வது பாவமாகும்.

ஆயினும் கணக்கு கணக்குதான். வந்தவர்கள் விட்டு வந்த நிலம் சுமார் 67 இலட்சம் ஏக்கர். சென்றவர்கள் விட்டுப்போனது சுமார் 47 இலட்சம் ஏக்கர். இப்பற்றாக்குறையைப் பங்கிடும் பொறுப்பு தர்லோக் சிங் என்னும் ஐ.சி.எஸ். அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டது. ஓர் ஊர் நிலமும் மற்றோர் ஊர் நிலமும் விளைச்சலில் ஒன்றாகா ஆகையால், விளைச்சலை அளவுகோலாக வைத்து "நிர்ணய ஏக்கர்" என்றொரு கணக்கை அவர் வகுத்தார். பிறகு, உடையவர்க்கு மிகுதியாகவும் இல்லாதவர்க்குக் குறைவாகவும் வெட்டு விழும்படி படிமுறை ஏற்படுத்தினார். முதல் 10 ஏக்கருக்கு 25 சதவிகிதம் கழிவு. அதற்கு மேல் கழிவு ஏறிக்கொண்டே போய், 500 ஏக்கருக்கு மேற்பட்ட பகுதிக்கு 95 சதவிகிதம் கழிவு. ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட மனுக்கள் வந்தன. பழைய ஊர்க்காரர்களைக் கூட்டி வைத்து, அவர்கள் முன்னிலையில் ஒவ்வொரு மனுவும் சரிபார்க்கப்பட்டது. 1949-ஆம் ஆண்டு முடிவதற்குள் சுமார் இரண்டரை இலட்சம் பேருக்கு நிலம் ஒதுக்கப்பட்டுவிட்டது. பஞ்சாபி உழவன் உழைத்தான் என்பது உண்மை. உழுவதற்கு அவன் பெயரில் நிலம் இருந்தது என்பதும் உண்மை.

நகரத்தார்க்கும் இவ்வாறே வழி செய்யப்பட்டது. தில்லிக்கு மட்டும் சுமார் ஐந்து இலட்சம் அகதிகள் வந்தார்கள். அவர்களுக்காக லாஜ்பத் நகர், ராஜேந்திர நகர், பட்டேல் நகர் முதலிய குடியிருப்புகள் எழுந்தன. பரீதாபாத், நீலோக்கேரி, ராஜ்புரா எனப் புது நகரங்கள் தோன்றின. சிந்துவிலிருந்து வந்தவர்களுக்குக் கல்யாண் அருகில் இருந்த பழைய இராணுவ முகாமே உல்லாஸ்நகர் ஆயிற்று. 1954-ஆம் ஆண்டில் நஷ்டஈட்டுச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. இழந்த சொத்துக்கு ஈடாக, குடியிருக்கும் அரசாங்க வீட்டையே சொந்தமாக்கிக்கொள்ள அதனால் வழி பிறந்தது. பட்டா கையில் இருந்தால் கடன் கிடைக்கும். கடன் கிடைத்தால் கடை வைக்கலாம். கடை வைத்தால் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பலாம். சியால்கோட்டிலிருந்து வந்து தில்லியில் குதிரைவண்டி ஓட்டிய தரம்பால் குலாட்டி, கரோல்பாகில் சிறு மசாலாக் கடை வைத்து நாடறிந்த வணிகரானார். அவருடைய ஊக்கத்தை நாம் போற்றுகிறோம். அவ்வூக்கம் காலூன்றுவதற்கு ஓர் ஊரும் ஒரு சந்தையும் இருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனிக் கிழக்குக்கு வருவோம். வங்காளத்தில் மக்கள் ஒரே அலையாக வரவில்லை. 1946-இல் நவகாளிக் கலவரத்திற்குப் பின் சிலர் வந்தார்கள். 1950-இல் குல்னா, பாரிசால் கலவரங்களுக்குப் பின் பல இலட்சம் பேர் வந்தார்கள். 1952-இல் பாஸ்போர்ட்டு முறை வருவதற்கு முன் ஒரு கூட்டம் வந்தது. 1964-இல் மற்றொரு கூட்டம் வந்தது. அணை உடைந்து வரும் வெள்ளத்தை எல்லோரும் பார்ப்பார்கள். ஆண்டுக்கணக்காகக் கசியும் நீரை யார் பார்க்கிறார்கள்?

அதைவிட முக்கியமானது, அரசாங்கம் கொண்ட எண்ணம். 1950 ஏப்ரல் 8-ஆம் தேதி நேருவும் லியாகத் அலிகானும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் நோக்கம், வந்தவர்கள் அச்சம் தெளிந்து தங்கள் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்பது. அவ்வாண்டு டிசம்பர் முடிவதற்குள் திரும்புவோர்க்குச் சொத்து மீளும் என்று அதில் கண்டிருந்தது. நோக்கம் நல்லதே, அதனால் பல உயிர்கள் தப்பியிருக்கவும் கூடும். ஆனால் அதன் விளைவைக் கவனியுங்கள். திரும்பிப் போகப் போகிறவனுக்கு இங்கே எதற்கு நிலம், எதற்கு நஷ்டஈடு? வெளியேறினோர் சொத்துச் சட்டம் மேற்கு வங்காளத்திற்கும் அஸ்ஸாமிற்கும் திரிபுராவிற்கும் விரிக்கப்படவில்லை. 1954-ஆம் ஆண்டு நஷ்டஈட்டுச் சட்டமும் மேற்குப் பாகிஸ்தானிலிருந்து வந்தவர்களுக்கே உரியதாயிற்று. வங்காளி அகதிக்குக் கிடைத்தது முகாமும், உதவித்தொகையும், சிறு கடனும். 1958 ஏப்ரல் முதல் 1963 டிசம்பர் வரை வந்தவர்களுக்குப் புனர்வாழ்வு உதவிக்கே உரிமை இல்லை என்றாயிற்று. 1964-க்குப் பின் வந்தவர்களுக்கோ, மேற்கு வங்காளத்தை விட்டு வெளியே போக இசைந்தால்தான் உதவி.

கல்கத்தாவின் ஸியால்டா நிலையத்தில் பிளாட்பாரமே அக்குடும்பங்களுக்கு வீடாயிற்று. பயணிகள் ஏறி இறங்கும் இடத்தில் பிள்ளை பிறந்தது, முதியவர் இறந்தார். ராணாகாட்டை அடுத்த கூப்பர் முகாமிலும் துபுலியா முகாமிலும் மக்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். உதவித்தொகையில் ஒரு மனிதனை ஐந்தாறு ஆண்டு உட்கார வைத்துவிட்டுப் பின்னர் அவனைச் சோம்பேறி என்று ஏசுவது எந்த நியாயத்தில் சேரும்?

1958-இல் தண்டகாரண்யத் திட்டம் தொடங்கிற்று. ஆறும் குளமும் நெல்லும் மீனுமாக வாழ்ந்த மக்களை, பஸ்தர், கோராபுட் மாவட்டங்களின் காட்டு மேட்டுநிலத்தில் குடியேற்றினார்கள். பலருக்குக் கிடைத்த நிலத்தில் நீர் வசதி இல்லை. அந்நிலமோ பழங்குடி மக்களின் வாழ்விடம். அவர்களுக்கும் மனக்குறை உண்டாயிற்று. அங்கே நிலைத்து நின்று உழைத்து முன்னேறியவர்கள் உண்டு. தாங்க முடியாத பல்லாயிரம் பேர் 1978-இல் வங்காளத்திற்குத் திரும்பினர். அவர்களுள் ஒரு பகுதியினர் சுந்தரவனத்தில் மரிச்ஜாப்பி என்னும் தீவில் குடியேறித் தாங்களே பள்ளியும் மீன்பண்ணையும் அமைத்தார்கள். காட்டு நிலத்தில் அனுமதியின்றிக் குடியேறினார்கள் என்று 1979 மே மாதத்தில் போலீசார் அவர்களை வெளியேற்றினர்; உயிர்ச்சேதமும் நேர்ந்தது. இவர்களுள் பெரும்பாலோர் நமசூத்திரர் என்னும் ஒடுக்கப்பட்ட குலத்தார். சோம்பியிருந்தவர்கள் ஒரு தீவில் பள்ளிக்கூடம் கட்டுவார்களா?

"அப்படியானால் குணத்துக்கு ஒரு பங்கும் இல்லையா?" என்று அன்பர்கள் கேட்கலாம். பங்கு உண்டு. பஞ்சாபியர் பலரின் முன்னோர்கள், பிரிட்டிஷ் ஆட்சியில் கால்வாய் வெட்டித் திருத்திய புது நிலங்களில் ஏற்கெனவே ஒரு முறை குடியேறிப் பழகியவர்கள். வியாபாரம் அறிந்த குடும்பங்களும் அவர்களிடையே ஏராளம். வங்காளத்திலிருந்து முதலில் வந்தவர்களில் உத்தியோகத்தையும் நிலவரும்படியையும் நம்பியிருந்தவர்கள் மிகுதி. அவர்கள் வந்து சேர்ந்த மேற்கு வங்காளமோ, முன்னரே மக்கள் நெருக்கம் மிகுந்த நாடு. இவையெல்லாம் கணக்கில் சேர வேண்டியவையே.

ஆனால் வங்காளி அகதி கைகட்டி இருந்தான் என்பதை நான் ஒப்ப மாட்டேன். ஜாதவ்பூர்ப் பக்கத்தில் வெற்று நிலங்களில் அவர்கள் இரவோடிரவாகக் குடிசை போட்டார்கள். விஜயகட் போன்ற காலனிகளைத் தாங்களே அளந்து, தெரு விட்டு, பள்ளிக்கூடமும் கட்டினார்கள். அவர்கள் கொடி பிடித்தது அந்தக் குடிசையைக் காப்பதற்கே. பட்டா கைக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆயின. அடுக்களையை விட்டு வெளியே வந்திராத பெண்கள் ஆசிரியைகளாகவும் அலுவலகப் பணியாளர்களாகவும் குடும்பத்தைத் தாங்கினார்கள். 1960-இல் ரித்விக் கட்டக் எடுத்த "மேகே டாகா தாரா" என்னும் படம் அத்தகைய ஒரு பெண்ணின் கதைதான்.

இன்னும் ஒரு சான்று. கிழக்கு வங்காளத்திலிருந்து இடம் பெயர்ந்து தில்லியில் வேலையில் இருந்தவர்களுக்கு 1960-களில் தென் தில்லியில் மனைகள் ஒதுக்கப்பட்டன. அன்று பாறையும் முட்புதரும் நிறைந்திருந்த அவ்விடமே இன்று சித்தரஞ்சன் பூங்கா என்னும் செல்வம் மிகுந்த குடியிருப்பு. அவர்களும் வங்காளிகளே. அவர்களுக்குச் சம்பளமும் இருந்தது, மனையும் கிடைத்தது, ஆகவே முன்னேறினார்கள். மறு புறம், மேற்குப் பஞ்சாபில் சொந்த நிலம் இல்லாமல் கூலிக்கு உழுத ஒடுக்கப்பட்ட மக்களுக்கு, இழந்ததற்கு ஈடு என்ற கணக்கில் நிலம் கிடைக்கவில்லை. அவர்களும் பஞ்சாபிகளே. ஒரே இனத்தாருக்குள்ளேயே நிலை இவ்வாறு மாறுமானால், வேற்றுமைக்குக் காரணம் குணம் மட்டும் அன்று என்பது வெள்ளிடைமலை.

எனவே என் முடிவு இது. வந்தேறிய சமூகம் வாழ்வதற்கு உழைப்பு வேண்டும். ஆனால் உழைப்பு வேர் பிடிக்க, தன் பெயரில் ஒரு துண்டு நிலமும், "இனி இதுவே நம் ஊர்" என்ற முடிவும் வேண்டும். மேற்கிலிருந்து வந்தவர்களுக்கு இரண்டும் விரைவில் கிடைத்தன. கிழக்கிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டும் மறுக்கப்பட்டன, அல்லது காலம் கடந்து வந்தன.

இதில் நமக்கு என்ன என்று கேட்பீர்கள். நாம் அகதிகள் அல்லோம். உத்தரவுத் தாளும் பாஸும் கையில் கொண்டு வந்தவர்கள். ஆனால் நம்மில் பலர் முப்பது ஆண்டுகளாக "இங்கே என்ன, பென்ஷன் வாங்கியதும் ஊருக்குப் போகிறவர்கள்தானே" என்று சொல்லிக்கொண்டு குவார்ட்டர்ஸில் காலம் தள்ளுகிறோம். ஓய்வு பெற்ற சில மாதங்களில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அப்பொழுது ஊரிலும் வீடு இல்லை, இங்கும் மனை இல்லை. பிள்ளைகளோ இந்த ஊர்ப் பள்ளியில் படித்து இந்த ஊர்ப் பேச்சைப் பேசுகிறவர்கள். திரும்புவோம் என்ற எண்ணத்தை வங்காளி அகதியின் மேல் அரசாங்கம் சுமத்திற்று. நம் மேல் நாமே சுமத்திக்கொள்கிறோம். ஊருக்குப் போவதானாலும் சரி, இங்கே தங்குவதானாலும் சரி, கையில் வேலை இருக்கும்போதே முடிவு செய்துகொள்வது நல்லது. இங்கே தங்க விரும்புவோர்க்கு ஒரு வீட்டுமனைக் கூட்டுறவுச் சங்கம் அமைப்பதைப் பற்றி நம் செயற்குழு ஆலோசிக்க வேண்டும் என்று இம்மேடையில் வேண்டுகோள் விடுக்கிறேன்.

மற்றொரு வேண்டுகோள் தாய்மார்களுக்கும் பெரியோர்களுக்கும். "இந்தச் சாதி உழைக்கும், அந்தச் சாதி உழைக்காது" என்று குழந்தைகள் காதுபடப் பேச வேண்டாம். காலனி மதிலுக்கு அப்பால், தண்டவாளத்து ஓரக் குடிசைகளில், பிழைப்புத் தேடி வந்த மக்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி ஒரு சொல் சொல்வதற்கு முன், அவர்களுக்கு எது கொடுக்கப்பட்டது, எது கொடுக்கப்படவில்லை என்று கணக்குப் பார்த்துவிட்டுச் சொல்வோம்.