வெயிலும் வெள்ளெலியும்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



விழாவில் எலிகளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் செயலாளர் தங்கச்சி முகம் சுளித்தா. ஆனால் வெயிலுக்கும் தோல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ஐயமற நிறுவியவை எலிகள்தான்.

கடலோடிகளுக்கும் வயலில் உழைத்த வெள்ளைக்காரருக்கும் முகத்திலும் கையிலும் இந்நோய் வருவதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வைத்தியர்கள் கவனித்திருந்தார்கள். ஆனால் கடலோடியைத் தாக்குவது வெயில் மட்டுமா? உப்புக்காற்றும் தாரும் கூடத்தானே. எதைக் குற்றம் சொல்வது? 1928இல் லண்டனில் பின்ட்லே என்பவர் இரச ஆவி விளக்கின் கழியூதாக் கதிரை வெள்ளைச் சுண்டெலிகள் மீது மாதக்கணக்கில் பாய்ச்சினார். அவற்றின் தோலில் புற்றுநோய் வந்தது. 1930களில் புவனஸ் அயர்ஸ் நகரில் ரொஃபோ என்ற வைத்தியர் வெள்ளெலிகளை உண்மையான வெயிலிலேயே வைத்தார். அவற்றுக்கும் வந்தது. ஆனால் இடையில் சாதாரண யன்னற் கண்ணாடியை வைத்தபோது வரவில்லை. கண்ணாடி வெளிச்சத்தை மறைப்பதில்லை. 280 முதல் 320 நனோமீற்றர் வரையான கழியூதாக் கதிரைத்தான் பெரும்பாலும் தடுக்கிறது. ஒரு கண்ணாடித் துண்டால் குற்றவாளியைப் பிடித்த இந்தப் பரிசோதனை எனக்கு மிகவும் பிடித்தது.

அந்தக் கதிர் கலத்தினுள் இருக்கும் டி.என்.ஏ.யைச் சிதைக்கிறது என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். கதை அதோடு முடியவில்லை. 1974இல் மார்கிரட் கிரிப்கி என்ற விஞ்ஞானி, கதிரால் வந்த கட்டியை எடுத்து அதே இனத்து ஆரோக்கியமான எலிக்கு ஒட்டினா. அந்த எலியின் உடல் கட்டியை ஏற்காமல் அழித்துவிட்டது. அப்படியானால் முதல் எலியில் அது எப்படி வளர்ந்தது? கதிர் பட்டும் இன்னும் கட்டி வராத எலிகளுக்கு ஒட்டிப் பார்த்தபோது விடை கிடைத்தது. அவற்றில் கட்டி வளர்ந்தது. அதாவது கதிர் கலத்தையும் கெடுக்கிறது, அந்தக் கெட்ட கலத்தை விரட்ட வேண்டிய நிர்ப்பீடனத்தையும் அடக்குகிறது. சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை செய்து, நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்து எடுப்பவர்களை வெயிலில் கவனமாக இருக்கச் சொல்வது ஏன் என்று இப்போது விளங்கும்.

2001இல் இன்னொன்று தெரிந்தது. பரம்பரை அலகு மாற்றப்பட்ட எலிக்குஞ்சுகள், பிறந்த சில நாட்களில் ஒரேயொரு முறை கதிரால் வெந்தாலே பிற்காலத்தில் மெலனோமா என்ற கொடிய வகை வந்தது. வளர்ந்தபின் மட்டும் கதிர் பட்டவற்றுக்கு அப்படி வரவில்லை. அவுஸ்திரேலியாவில் பேரப்பிள்ளை வளர்க்கும் அக்காமார் இதைக் கவனிக்க வேண்டும், அதுவும் மருமகள் வெள்ளைக்காரி என்றால்!

"எங்கட தோலுக்கு இதெல்லாம் வராது" என்பார்கள். பாதி உண்மை. எங்கள் தோலின் மெலனின் நல்ல காவல். பூசி வெளுப்பாக்க ஆசைப்படுவோர் அதை நினைக்கட்டும். ஆனால் கறுத்த தோலினருக்கு மெலனோமா வரும்போது, வெயில் படாத உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தின் கீழும்தான் அதிகம் வருகிறது. அதற்கு வெயில் காரணமாகத் தெரியவில்லை. வெள்ளெலிகளும் எமக்கு அதைச் சொல்லித்தரவில்லை. பாடகர் பொப் மார்லி 1981இல் 36 வயதில் இறந்தது கால்விரலில் தொடங்கிய இந்நோயால்தான். காயம், ஆணி என்று நினைத்து விட்டுவிடுவதால் பிந்தித்தான் பிடிபடுகிறது.

ஆகவே இன்றிரவு கால் கழுவும்போது உள்ளங்காலையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். பெருக்கும், நிறம் மாறும், ஆறாத கறுப்புப் புள்ளி இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். அம்மாவின் காலையும் பாருங்கள். அவ தானாகச் சொல்லமாட்டா.

மணி அடித்துவிட்டார்கள். மிச்சக் கேள்விகளைத் தேநீர் வேளையில் கேளுங்கள்.