54 வருடங்களுக்கு ஒருமுறை



நூற்றாண்டு மேடையில் 54 வருடக் கணக்கொன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

1955 ஜூன் 20 அன்று இலங்கையில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்தது. 2009 ஜூலை 22 காலையில் இங்கு பகுதிக் கிரகணம். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. சூரியன், சந்திரன், பூமி மூன்றும் ஏறக்குறைய அதே ஒழுங்கில் மீண்டும் அமைய 18 வருடம், 11 நாள், 8 மணித்தியாலம் செல்லும். இதைச் சாரோஸ் சுழற்சி என்பர். அந்த 8 மணித்தியாலத்தில் பூமி மூன்றிலொரு பங்கு சுழன்றுவிடுவதால், அடுத்த கிரகணம் வேறு நாடுகளுக்குப் போய்விடும். மூன்று சுழற்சி முடிந்த பின்னரே, அதாவது 54 வருடமும் ஏறத்தாழ ஒரு மாதமும் கழிந்தே, நம் பக்கம் திரும்பும். அதற்குள் நிழற்பாதை சற்று நகர்ந்திருக்கும். அதனால்தான் 2009 இல் முழுக் கிரகணம் சூரத், வாரணாசி, பட்னா பக்கம் போனது. நமக்குப் பகுதி மட்டுமே கிடைத்தது.

இவ்வளவு துல்லியமாகக் கணக்கிடக்கூடிய ஒரு நிழலுக்கு நாம் ஏன் அஞ்ச வேண்டும்? கிரகண நேரத்தில் தண்ணீர்கூடக் குடிக்காமல், அறைக்குள் அடைந்து கிடக்கும் கர்ப்பிணித் தாய்மார் இன்றும் லயங்களிலும் உண்டு, மாடி வீடுகளிலும் உண்டு. 2019 டிசம்பர் 26 கிரகணம் மூன்று மணித்தியாலத்துக்கும் மேல் நீடித்தது. கிரகணத்தால் பிள்ளையின் உதடு பிளப்பதில்லை. ஆனால் அவ்வளவு நேரம் பசியும் தாகமுமாக இருப்பது தாய்க்கு நல்லதல்ல.

அஞ்ச வேண்டியது கண்ணுக்குத்தான். விழித்திரைக்கு வலி தெரியாது. சுட்டெரிந்த பிறகே பார்வை மங்குவது தெரியும். பகுதிக் கிரகணத்தில் எந்த நிமிடத்திலும் வெறுங்கண்ணால் பார்க்கக்கூடாது. கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே பிலிம், புகை பிடித்த கண்ணாடி எதுவும் போதாது. அட்டையில் ஊசித்துளையிட்டு, சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, தரையில் விழும் பிறைவடிவ ஒளியைப் பாருங்கள். மரநிழலிலும் அதே பிறைகள் தெரியும்.

2010 ஜனவரி 15 அன்று யாழ்ப்பாணத்தில் கங்கண கிரகணமாகத் தெரிந்ததன் அடுத்த முறை 2064 பெப்ரவரி 17. தங்கைமாரே, அன்று நீங்கள் பாட்டிமாராக இருப்பீர்கள். பேரப்பிள்ளைக்கு ஊசித்துளை அட்டை செய்து கொடுங்கள். வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால், முதலில் அவளுக்குச் சாப்பாடு போடுங்கள்.