அமுக்குவான் பேயும் அடங்காத் துயிலும்

(இராயபுரத்தில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

நம் குலத்தாரில், காசிமேட்டில் நடுநிசி கழிந்ததும் படகேறுவோரும், துறைமுகத்திலும் எண்ணூர் ஆலைகளிலும் முறைமாறி இராவேலை செய்வோரும் பலர். இவர்கள் பகலில் மல்லாந்து சற்றே கண்ணயருங்கால், விழிப்பு வந்தும் கைகால் அசையாது, மார்பின்மீது ஏதோ ஏறியமர்ந்து நெரிப்பதாகத் திகிலுறுவதுண்டு. கூவவும் நா எழாது. இதனையே அமுக்குவான் பேய் என்கிறோம். தலைமாட்டில் இரும்பும் துடைப்பமும் வைப்பது இதற்கஞ்சியே. கடலுக்கப்பால் நியூபவுண்டுலாந்துத் தீவின் மீன்பிடி ஊர்களிலும், ஒரு சூனியக்கிழவி வந்து அமுக்குவதாகவே சொல்லி வந்தனர். கடலோரத்தார் எங்கும் ஒருவிதமே போலும்!

காரணம் யாது? கனவு காணும் உறக்கத்தில் மூடிய இமைக்குள் விழிகள் விரைந்தசையும் என்பதை 1953-ல் சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர் வெளியிட்டனர். அவ்வுறக்கத்தில் மூளையே தசைகளைக் கட்டிவைக்கிறது. கனவில் ஓடுபவன் பாயைவிட்டு எழுந்தோடாதிருப்பது இதனாலன்றோ? அறிவு முந்தி விழித்து, கட்டு அவிழப் பிந்துமாயின், அவ்விடைவெளியில் தோன்றுவதே மேற்படி பேய். சிறிது நேரத்தில் தானே நீங்கும்; உயிருக்குக் கேடில்லை. தூக்கங் கெட்டவர்க்கும் மல்லாந்து படுப்பவர்க்கும் இது மிகுதி.

இம்மட்டோடு முடியுமாயின் யாம் இங்கு நின்று பேச வேண்டுவதில்லை. அமுக்குவான் அடிக்கடி வருவதுடன், இரவெல்லாம் உறங்கியும் பகலில் உண்ணும்போதும் பேசும்போதும் துயில் வந்து வீழ்த்துமாயின், அது வேறு வியாதி. 1880-ல் பிரான்சு தேசத்து வைத்தியர் ழெலினோ அதற்கு நார்கோலெப்சி எனப் பெயரிட்டார். அதனையுடையார் பலர்க்கு, வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் மடியும், தாடை தொங்கும், நினைவோ தப்பாது. அத்தகையோர் மூளையில் விழிப்பைக் காக்கும் ஹைப்போகிரெட்டின் என்னும் பொருளைச் சுரக்கும் அணுக்கள் அழிந்திருப்பது 2000-ல் துலங்கிற்று.

பெரும்பாலும் இளமையிலேயே தோன்றும் நோய் இது. நம்மிடையே நடப்பதென்ன? பையன் பள்ளியில் தூங்கினால் சோம்பேறி. படகில் சிரித்து மடங்கினால் குடிகாரன். பெண்ணாயின் பேய் பிடித்தவள் என்று வேப்பிலையடி! கல்யாணம் செய்தால் தெளியும் என்போரும் உளர். அழிந்த அணு அடியால் முளைக்குமா? அடித்த கையே அவனிடம் சுக்கானையும் கொடுக்கிறது. அதுதான் எமக்குப் பெரும் அச்சம்.

இந்நோயை அறிய வழியுண்டு. ஓரிரவு உறங்கவைத்துக் கருவிகளால் ஆராய்ந்து, மறுநாள் இரண்டு மணிக்கொரு தடவை 20 நிமிஷம் படுக்கவைத்து, துயில் எத்துணை விரைவில் வருகிறதென அளப்பர். அடியோடு தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. ஆயினும் வைத்தியர் தரும் மோடாபினில் போன்ற மருந்தும், பகலில் வேளை தவறாத சிறுதுயிலும் நோயாளியைத் தொழிலில் நிலைநிறுத்தும்.

ஆகவே படகு முதலாளிகளுக்கு ஒரு விண்ணப்பம். இத்தகைய பிள்ளையைச் சுக்கானிலும் இயந்திரத்தருகிலும் விடாதீர்; கரையில் வலை பின்னவும் கணக்கெழுதவும் வையுங்கள். நண்பகலில் அவன் கால்மணி கண்ணயர்ந்தால் கூலியில் பிடிக்காதீர். பெற்றோர் முதலில் நம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் நரம்பியல் பிரிவில் காட்டலாம். உடன்வரத் துணையில்லாதவர் சங்கக் காரியதரிசியிடம் தெரிவித்தால், எம்மில் ஒருவர் கூட வருவோம்.