கூகுளில் நம் ஊரை எப்படித் தேடுகிறார்கள்?
(சங்கக் கூட்டத்தில் பேசியது)



நம்மில் பலர் வீட்டிலேயே தையல், டியூஷன், சமையல் ஆர்டர் என்று நடத்துகிறீர்கள். கூகுளில் தேடினால் நம் பெயர் வரவில்லையே என்பது உங்கள் குறை.

முதல் சிக்கல் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. 'பாக்கம்' என்பதைச் சிலர் ஆங்கிலத்தில் பென்சிலுக்கு வரும் 'பி' போட்டு எழுதுகிறார்கள், சிலர் பஸ்ஸுக்கு வரும் 'பி' போட்டு. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அறிவித்து, சில நாளிலேயே திரும்பப் பெற்றது நினைவிருக்கும். அரசுக்கே அந்தப் பாடு! ஆகவே உங்கள் விவரக் குறிப்பில் தமிழிலும், வழக்கத்தில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் ஊர்ப் பெயர் இருக்கட்டும். வெளியூர்க்காரர் நெல்லிக்குப்பம், பண்ருட்டி என்றுதான் தேடுவார்; அதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். 'ஆடை வடிவமைப்பகம்' என்று யாரும் தேடுவதில்லை. 'பிளவுஸ் தைக்க' என்றுதான் தேடுகிறார்கள்.

அதற்காக ஒரே சொல்லை இருபது முறை திணிக்காதீர்கள். கூகுள் அதை ஸ்பேம் என்கிறது. பக்கத்துக்குள் மறைவாகக் கொடுக்கும் கீவேர்டு பட்டியலைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று 2009-லேயே சொல்லிவிட்டது. கூகுள் மேப்பில் கடைப் பெயரோடு 'பண்ருட்டி நம்பர் ஒன் டெய்லர்' என்று ஒட்டினால் பதிவே முடக்கப்படலாம். பலகையில் உள்ள பெயரை மட்டும் போடுங்கள்.

'பத்தாயிரம் கொடுங்கள், 30 நாளில் முதலிடம்' என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாதென்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது.