மருந்து என்று பெயர், உள்ளே இருப்பது நஞ்சு



அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், 2021 நவம்பர் 30ஆம் நாள், ஆக்ஸ்ஃபர்ட் உயர்நிலைப்பள்ளியில் 15 வயது மாணவன் ஒருவன் துப்பாக்கியால் சுட்டதில் நான்கு மாணவர்கள் மாண்டார்கள். அந்தத் துப்பாக்கியை அவனுக்காக வாங்கியவர் பெற்ற தகப்பன். 2024ஆம் ஆண்டில் தாய், தகப்பன் இருவருமே தனித்தனி வழக்குகளில் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாகி, ஆளுக்குக் குறைந்தது 10 ஆண்டு, கூடினால் 15 ஆண்டு என்று சிறைத் தண்டனை பெற்றார்கள். பிள்ளை செய்த கொலைக்குப் பெற்றோருக்கு ஏன் சிறை? ஆபத்தான பொருள் ஒன்றை வீட்டுக்குள் கொண்டு வந்தார்கள். அது பிள்ளையின் கைக்குப் போகாமல் காக்கவில்லை. அதற்காகத்தான்.

இந்தச் செய்தியைப் படிக்கும் கேமரன் மலைத் தோட்டத்துக் குடும்பம், “நல்லவேளை, நம் நாட்டில் இந்தத் தொல்லை இல்லை” என்று நினைக்கலாம். அது உண்மைதான். மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, லைசன்ஸ் இல்லாமல் யாரும் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. லய வீட்டுக் கட்டிலுக்கு அடியில் துப்பாக்கி கிடக்காது. ஆனால் அந்தக் கட்டிலுக்கு அடியில் வேறு என்ன கிடக்கிறது? குளியலறை மூலையில், அடுப்படிக்குப் பின்னால், பழைய பெயிண்ட் டின்னுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது? அங்கே பூச்சிக்கொல்லியோ களைக்கொல்லியோ இருக்கும் வீடு எது என்பது அந்தந்த வீட்டாருக்கே தெரியும்.

கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டு தேயிலைத் தோட்டம் திறக்கப்பட்ட காலத்திலிருந்து, தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பில் வளர்ந்த மலை அது. இன்று கொழுந்து பறிப்போரில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பலர். தமிழ்க் குடும்பங்களில் சிலர் தோட்டத்திலேயே இருக்கிறார்கள். சிலர் ரிங்லெட், தானா ராத்தா, கம்போங் ராஜா பக்கம் காய்கறிப் பயிருக்கும் பூந்தோட்டத்துக்கும் போய்விட்டார்கள். வேலை எதுவானாலும் முதுகில் பம்பைச் சுமந்து தெளிக்கும் வேலை ஒன்று உண்டு. அதற்குத் தமிழர் வைத்திருக்கும் பெயர் ‘மருந்தடிப்பது’.

இங்கேதான் ஆபத்து தொடங்குகிறது. போத்தலின் மேல் மலாய் மொழியில் ‘ராச்சுன்’ என்று இருக்கிறது. மண்டையோட்டுப் படமும் இருக்கலாம். ஆனால் வீட்டில் பேசும் தமிழில் அதற்குப் பெயர் மருந்து. காய்ச்சல் வந்தால் அம்மா கரண்டியில் ஊற்றிக் கொடுப்பதும் மருந்து, அப்பா முதுகில் சுமந்து போவதும் மருந்து. நான்கு வயதுக் குழந்தை இரண்டையும் எப்படிப் பிரித்தறியும்? பெரியவர்களுக்குப் பழகிப்போன சொல், குழந்தைக்கு அழைப்பாகிவிடுகிறது. பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கு எழுத்தும் தெரியாது, மண்டையோட்டின் பொருளும் தெரியாது.

பாராகுவாட் என்ற களைக்கொல்லியின் கதையைக் கேளுங்கள். அது 1962ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. ரப்பர், செம்பனை, தேயிலை என்று எல்லாத் தோட்டங்களிலும் களையைக் கருக்கியது. ஒரு வாய் விழுங்கினாலும் ஆளைக் கொன்றுவிடும். நஞ்சு உள்ளே போன சில நாள்களில் நுரையீரல் கெட்டுப்போகும். அதற்கு இன்றுவரை முறிவு மருந்து கிடையாது. கறுத்த நிறத்தில் இருந்த அந்தத் திரவத்தைச் சிலர் பெரிய கேனிலிருந்து குளிர்பானப் போத்தலுக்கு மாற்றி வைத்தார்கள். கோலா என்று நினைத்துக் குடித்துப் பல நாடுகளில் குழந்தைகளும் பெரியவர்களும் மாண்டார்கள். அதன் பிறகே நீலச் சாயம், கெட்ட வாடை, வாந்தி எடுக்க வைக்கும் பொருள் ஆகியவை அதில் சேர்க்கப்பட்டன.

மலேசியா 2002ஆம் ஆண்டு பாராகுவாட்டைத் தடை செய்வதாக அறிவித்தது. தெளிக்கும் பெண்களின் உடல்நலம் கெடுவதை தெனாகனித்தா போன்ற அமைப்புகள் அந்நாளில் எடுத்துச் சொல்லியிருந்தன. ஆனால் 2006ஆம் ஆண்டு அந்தத் தடை தளர்த்தப்பட்டது. முழுத் தடை நடப்புக்கு வந்தது 2020 ஜனவரி முதல் நாள்தான். அதற்கு முன் வாங்கியது எங்காவது மூலையில் கிடந்தால், தடைச் சட்டம் வந்து அதை எடுத்துப் போட்டுவிடாது. வீட்டாருக்குத்தான் அந்த வேலை. அதைக் கானிலோ ஆற்றிலோ கொட்டிவிடவும் கூடாது. என்ன செய்வது என்று விவசாய இலாகாவிடம் கேட்க வேண்டும்.

கலம் மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தியாவிலும் ஒரு பாடம் இருக்கிறது. 2013 ஜூலை 16ஆம் நாள், பீகாரின் சாரண் மாவட்டத்தில் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் மாண்டார்கள். உணவில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி கலந்திருந்தது சோதனையில் தெரிந்தது. முன்பு பூச்சிக்கொல்லி இருந்த கலத்தில் சமையல் எண்ணெயை வைத்திருந்ததே காரணம் என்று அதிகாரிகள் கருதினார்கள். சமைத்தவர்கள் யாரும் குழந்தைகளைக் கொல்ல நினைக்கவில்லை. அவர்கள் நினைக்காததால் அந்தக் குழந்தைகள் பிழைத்துவிடவும் இல்லை.

“பெட்டியில் போட்டுப் பூட்டினால் போதாதா?” என்று கேட்கலாம். சிறு குழந்தைக்குப் பூட்டு நல்ல காவல். ஆனால் அது முழுக் காவல் அல்ல. இலங்கையின் அனுராதபுரம் பகுதியில் 180 கிராமங்களில், 53,000க்கும் மேற்பட்ட வீடுகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிக் கிராமங்களின் வீடுகளுக்குப் பூட்டுப் பெட்டி கொடுத்தார்கள். 2017ஆம் ஆண்டு வெளிவந்த முடிவு என்ன? 14 வயதுக்கு மேற்பட்டோர் நஞ்சருந்துவதை அந்தப் பெட்டிகள் குறைக்கவில்லை. விவரம் தெரிந்த பிள்ளைக்குச் சாவி இருக்கும் இடமும் தெரியும் அல்லவா? அதே இலங்கையில், கொடிய பூச்சிக்கொல்லிகளை அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு, 1995ஆம் ஆண்டு உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் 70 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. ஆகவே, வளர்ந்த பிள்ளை இருக்கும் வீட்டில் நஞ்சைப் பூட்டி வைப்பதைவிட, அதை வீட்டுக்கே கொண்டு வராமல் இருப்பதுதான் பாதுகாப்பு.

இதில் பெற்றோரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமல்ல. விடியற்காலையில் வேலைக்குப் போகிற தாய் நாள் முழுவதும் பிள்ளையின் பின்னாலேயே நிற்க முடியாது. முன்பு தோட்டங்களில் ஆயாக் கொட்டகை இருந்தது. பிள்ளைகள் ஒருவர் கண்பார்வையில் இருந்தார்கள். அது இல்லாத இடத்தில் பிள்ளை தானாகவே வளர்கிறது. மருந்தை வைக்கப் பூட்டிய கொட்டகையும், தெளித்து முடித்தவர் குளித்து உடை மாற்ற இடமும் கொடுப்பது முதலாளியின் கடமை. அவை இருந்தால் மிச்ச மருந்து வீட்டுக்கு வரக் காரணமே இருக்காது.

ஆனாலும் வீட்டு வாசலைத் தாண்டி அந்தப் போத்தல் உள்ளே வந்த பிறகு, பொறுப்பு பெற்றோருடையது. மலேசியாவின் 2001ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின் 31ஆம் பிரிவு, பிள்ளைக்குத் தீங்கு நேரும் வகையில் அதைக் கவனிக்காமல் விடுவதையும் குற்றம் என்கிறது. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், அதற்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை. அந்தத் தண்டனைக்குப் பயந்து அல்ல, பிள்ளைக்காகவே செய்ய வேண்டிய காரியங்கள் சில உண்டு.

மிச்ச மருந்தை வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். குடிக்கும் போத்தலுக்கு அதை ஒருநாளும் மாற்றாதீர்கள். காலிக் கேனைக் கழுவித் தண்ணீர் பிடிக்காதீர்கள்; ஓட்டை போட்டு, யாரும் எடுத்துப் புழங்க முடியாதபடி செய்துவிடுங்கள். பிள்ளைகள் முன்னால் அதை மருந்து என்று சொல்லாதீர்கள். விஷம் என்றே சொல்லுங்கள். இதற்குக் காசு செலவில்லை, இன்று இரவே தொடங்கலாம்.

அப்படியும் தவறு நேர்ந்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; புளிக்கரைசல், உப்புத் தண்ணீர் கொடுத்துக் காலம் கடத்தாதீர்கள். 999க்கு அழையுங்கள், அல்லது தானா ராத்தாவில் உள்ள சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனைக்கு உடனே கொண்டு போங்கள். அந்தப் போத்தலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பிள்ளை குடித்தது எது என்று தெரிந்தால்தான் டாக்டர் அதற்கேற்ற சிகிச்சையைத் தொடங்க முடியும். அப்பா திட்டுவாரோ, போலீஸ் கேட்குமோ என்று மறைத்த ஒவ்வொரு நிமிடமும் அந்தப் பிள்ளையின் உயிரிலிருந்து கழிகிறது.